ட்ரைவ் டு சர்வைவ் பாத்து ரசிகர்கள் ஏன் ரெண்டா பிரிஞ்சாங்க? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எஃப்1 (ஃபார்முலா 1 கார் ரேஸ்) பத்தி நாலு பேர் பேச ஆரம்பிச்சா பத்து நிமிஷத்துல இந்த டாக்குமெண்டரி சண்டை வந்துடுது. அதனாலதான் எஃப்1க்கு ஆள் கூடுச்சுன்னு ஒருத்தர், அதனாலதான் எஃப்1 கெட்டுப்போச்சுன்னு இன்னொருத்தர். ரெண்டு பக்கமும் திரும்பத் திரும்ப வர்ற கேள்விகளை ஒரே இடத்துல எடுத்து எனக்குப் பட்ட பதிலோட எழுதியிருக்கேன்.

முதல்ல இது என்ன, சுருக்கமா சொல்லுங்க?

நெட்ஃபிளிக்ஸ்ல வர்ற எஃப்1 டாக்குமெண்டரி சீரிஸ். முதல் சீசன் 2019 மார்ச் 8ல வந்துச்சு, அது 2018 சீசனோட கதை. அப்புறம் வருஷா வருஷம், புது சீசன் ரேஸ் தொடங்குற நேரத்துல முந்தின வருஷக் கதையை விடுறாங்க. எடுக்குறது பாக்ஸ் டு பாக்ஸ் ஃபிலிம்ஸ்னு ஒரு பிரிட்டிஷ் கம்பெனி, அதோட ஆட்கள் ஜேம்ஸ் கே ரீஸ், பால் மார்ட்டின். இந்த கே ரீஸ்தான் 2010ல வந்த சென்னா டாக்குமெண்டரியோட தயாரிப்பாளர்கள்ல ஒருத்தர், அதனால ரேஸிங் தெரியாத ஆளு இல்ல.

இதுக்குப் பின்னாடி இருக்குற பெரிய காரணம் லிபர்ட்டி மீடியா. 2017 ஜனவரியில எஃப்1 மொத்தமும் அவங்க கைக்கு வந்துச்சு. அதுவரைக்கும் எஃப்1ஐ நடத்தின பெர்னி எக்கிள்ஸ்டோன் காலத்துல பேடாக்குக்குள்ள (டீம்கள் தங்கி வேலை பாக்குற பகுதி) கேமரா எடுத்துட்டு போறதே பெரும்பாடு, டிரைவர் தன் போன்ல எடுத்த வீடியோவைப் போட்டாக்கூட பிரச்சனை வரும். அப்படி பூட்டி வச்சிருந்த வீட்டைத் திறந்து விட்ட மாதிரிதான் இது வந்துச்சு.

முதல் சீசன்ல ஹாமில்டனும் வெட்டலும் ஏன் பெருசா இல்ல? அந்த வருஷ சாம்பியன்ஷிப் சண்டையே அவங்களுக்குள்ளதானே?

ஆமா, 2018ல ஹாமில்டன் ஓட்டின மெர்சிடீஸ், வெட்டல் ஓட்டின ஃபெராரி ரெண்டு டீமும் கலந்துக்க மாட்டோம்னு சொல்லிட்டாங்க. ஹாமில்டன் அஞ்சாவது பட்டம் ஜெயிச்ச வருஷம், ஆனா அவர் இந்தக் கதையில ஓரமா வந்துட்டுப் போறார். யோசிச்சுப் பாருங்க, ஒரு டீமைப் பத்தியோ ஒரு விளையாட்டைப் பத்தியோ படம் எடுக்குறீங்க, ஜெயிச்சவனும் இல்ல ரெண்டாவது வந்தவனும் இல்ல, அப்ப என்னதான் காட்டுவீங்க?

சீரிஸ் எடுத்தவங்க நடுவுலயும் பின்னாடியும் ஓடுற டீம்களைக் காட்டினாங்க. ஹாஸ், ரெனோ, ஃபோர்ஸ் இந்தியா, வில்லியம்ஸ். அடுத்த வருஷம் சீட் இருக்குமா இருக்காதான்னு தவிக்கிற டிரைவர், கம்பெனியே திவாலாகி யார் வாங்குவாங்கன்னு தெரியாம நிக்கிற டீம், ரெட்புல்லை விட்டு ரெனோவுக்குப் போற ரிக்கார்டோ. இதெல்லாம் ஞாயித்துக்கிழமை டிவியில சாதாரணமா தெரியாது, கேமரா முன்னாடி போறவனைத்தான் காட்டும். என்னைக் கேட்டா இந்த சீரிஸோட மொத்த பலமும் அந்த இல்லாமையில இருந்துதான் வந்துச்சு. பெரிய டீம் ரெண்டும் முதல் வருஷமே வந்திருந்தா வெறும் சாம்பியன்ஷிப் கதையா போயிருக்கும், அதை நாம ஏற்கனவே லைவ்ல பாத்தாச்சு.

ரெண்டாவது சீசன்ல, அதாவது 2020 பிப்ரவரியில, ரெண்டு டீமும் உள்ள வந்துட்டாங்க.

பழைய ரசிகர்களுக்கு அப்படி என்னதான் கோபம்? நல்லாதானே இருக்கு?

நல்லா இருக்கு, ஆனா கோபத்துக்குக் காரணமும் இருக்கு, அதை லேசா தள்ள முடியாது.

ஒண்ணு சத்தம். ஒரு ரேஸ்ல எடுத்த வீடியோவுக்கு வேற சத்தம் ஒட்டுறது, கார் நேர் ரோட்ல போகும்போது கியர் குறையுற சத்தம் வர்றது, தேவையில்லாத இடத்துல டயர் கிரீச்சிடுறது. பத்து வருஷமா ரேஸ் பாக்குற ஒருத்தருக்கு இது காதுல முள்ளு மாதிரி குத்தும். புதுசா பாக்குறவங்களுக்குத் தெரியவே தெரியாது. இது சின்ன விஷயம்னு சிலர் சொல்றாங்க, ஆனா எஃப்1 ரசிகன் சத்தத்தை வச்சே இது எந்த இன்ஜின்னு சொல்றவன், அவனுக்கு இது சின்ன விஷயமே இல்ல.

அடுத்தது டீம் ரேடியோ, அதாவது ஓட்டும்போது டிரைவரும் டீமும் பேசிக்கிறது, என் கணக்குல இதுதான் பெரிய தப்பு. ஒரு ரேஸ்ல டிரைவர் சொன்னதை இன்னொரு இடத்துல கொண்டு போய் ஒட்டுறது. இதை ரசிகர்கள் மட்டும் சொல்லல, மெக்லாரன் டிரைவர் லாண்டோ நாரிஸே வெளிப்படையா சொல்லியிருக்கார், தானும் ரெட்புல் டிரைவர் வெர்ஸ்டாப்பனும் பக்கத்துல பக்கத்துல போற காட்சிக்கு வேற ரேஸ்ல தான் பேசினதை எடுத்துப் போட்டிருக்காங்கன்னு. ஒரு மனுஷன் இன்னொருத்தர் மேல குறை சொன்னதா காட்டுறோம், அந்த நேரத்துல அவன் அப்படிச் சொல்லவே இல்ல. டாக்குமெண்டரின்னு பேர் வச்சுட்டு இதைச் செய்யக்கூடாது, இதுல நான் பழைய ரசிகர்கள் பக்கம்தான்.

அப்புறம் இல்லாத பகை. மூணாவது சீசன்ல நாரிஸுக்கும் கார்லோஸ் சைன்ஸுக்கும் ஏதோ புகைச்சல்னு காட்டினாங்க. 2019லயும் 2020லயும் மெக்லாரன்ல அந்த ரெண்டு பேரும் எப்படி இருந்தாங்கன்னு ரேஸ் பாத்த எல்லாருக்கும் தெரியும், சிரிப்பும் கிண்டலுமா மொத்த டிரைவர்கள்லயே ரொம்ப ஒட்டுறவா இருந்த ஜோடி. அதைப் போய் பனிப்போர் மாதிரி வெட்டி ஒட்டினா யாருக்குத்தான் கோபம் வராது.

இது போக, ரேஸ் முடிஞ்ச பிறகு ஸ்டூடியோவுல பேசி ஒட்டுற கமெண்ட்ரி, தெரிஞ்ச விஷயத்தையே பேட்டி குடுக்குறவர் திரும்பத் திரும்ப விளக்குறதுன்னு சின்னச் சின்ன புகார் நிறைய. விளக்குற விஷயத்துல எனக்கு உடன்பாடு இல்ல, புதுசா வர்றவங்களுக்கு அது வேணும்.

வெர்ஸ்டாப்பன் ஏன் பேட்டி குடுக்க மாட்டேன்னு சொன்னார்?

இதே காரணம்தான். 2021 அக்டோபர்ல, ஆஸ்டின் ரேஸ் சமயத்துல, இல்லாத பகையை இருக்குற மாதிரி காட்டுறாங்க அதனால இனிமே பேச மாட்டேன்னு சொல்லிட்டார். அந்த வருஷம் பட்டம் ஜெயிச்சவரே அவர்தான், ஆனா நாலாவது சீசன்ல அவரோட பேட்டி கிடையாது. அப்புறம் தயாரிப்பாளர்களோட பேசி, 2023 பிப்ரவரியில வந்த அஞ்சாவது சீசன்ல திரும்ப வந்தார்.

அவரைத் திமிர் பிடிச்சவர்னு நிறைய பேர் திட்டினாங்க. எனக்கு அப்படித் தோணல. ஒரு டிரைவர் தன் முகத்தையும் குரலையும் குடுக்குறார், அதை எங்க எப்படி ஒட்டுறாங்கன்னு அவர் கையில இல்ல, அப்ப அவர்கிட்ட இருக்குற ஒரே வழி பேசாம இருக்குறதுதான். அவர் அப்படி நின்னதாலதான் விஷயம் மேல போச்சு, 2022ல எஃப்1 தலைவர் ஸ்டெஃபானோ டொமெனிகாலியே நெட்ஃபிளிக்ஸோட உக்காந்து பேசணும்னு சொல்ற நிலைமை வந்துச்சு.

அப்ப எல்லாமே பொய்யா?

இல்லவே இல்ல, இங்கதான் பழைய ரசிகர்கள்கிட்ட நான் சண்டை போடுவேன்.

2019 ஜெர்மன் கிராண்ட் பிரிக்ஸ், ஹாக்கன்ஹைம். மெர்சிடீஸ் அந்த வருஷம் இந்த ஒரு வார இறுதிக்குத்தான் நெட்ஃபிளிக்ஸை உள்ள விட்டாங்க. அவங்க சொந்த ஊர் ரேஸ், மோட்டார் ரேஸிங்ல 125 வருஷம் ஆச்சுன்னு கொண்டாட்டம், டீம் ஆளுங்க எல்லாம் பழைய காலத்து சட்டை தொப்பி போட்டு நிக்கிறாங்க, காருக்கும் அதுக்கேத்த ஸ்பெஷல் பெயிண்ட். ஹாமில்டனுக்கு உடம்பு சரியில்ல. மழை வந்துச்சு. முன்னாடி போயிட்டு இருந்த ஹாமில்டன் வழுக்கி சுவர்ல இடிச்சுட்டு டயர் மாத்துற பிட்டுக்குள்ள திரும்புறார், டீம் அவரை எதிர்பார்க்கவே இல்ல, டயர் ரெடி இல்ல, ரெண்டு மூணு செகண்ட்ல முடியுற வேலைக்கு 50 செகண்ட் ஆச்சு. அந்தப் பழைய கால சட்டையோட அவங்க அங்கயும் இங்கயும் ஓடுறாங்க. அப்புறம் அவங்களோட இன்னொரு டிரைவர் போட்டாஸும் மோதி வெளிய. இதுல யாரும் எதையும் ஒட்டவேண்டிய தேவையே இல்ல, நடந்ததை நடந்தபடி காட்டினாங்க, அவ்வளவு பெரிய டீமும் மனுஷங்கதான்னு அந்த எபிசோட்ல தெரிஞ்ச மாதிரி வேற எங்கயும் தெரிஞ்சதில்ல.

அடுத்து 2020 பஹ்ரைன், நவம்பர் 29. ஹாஸ் டிரைவர் ரோமேன் க்ரோஷானோட கார் முதல் லேப்லயே தடுப்புல 67 ஜி, அதாவது புவியீர்ப்பைப் போல 67 மடங்கு தாக்கத்தோட மோதி, ரெண்டா பிளந்து, தீப்பிடிச்சு எரியுது. 27 செகண்ட் கழிச்சு அந்த மனுஷன் தீக்குள்ள இருந்து தானா வெளிய வர்றார், மெடிக்கல் கார்ல வந்த டாக்டர் இயன் ராபர்ட்ஸ் தீ பக்கத்துல நின்னு அவரைப் பிடிச்சு இழுக்குறார். 2018ல டிரைவர் தலையைச் சுத்தி வர்ற பாதுகாப்பு வளையமான ஹேலோ கொண்டு வந்தப்ப அசிங்கமா இருக்கு, செருப்பு வார் மாதிரி இருக்குன்னு திட்டாத ரசிகன் இல்ல, க்ரோஷானே அதை எதிர்த்தவர்தான். அது இல்லன்னா அன்னிக்கு அவர் தலை தடுப்புல மாட்டியிருக்கும். மூணாவது சீசன்ல அந்த எபிசோடைப் பாத்துட்டு இது டிராமான்னு ஒதுக்குறவங்ககிட்ட எனக்கு சொல்ல ஒண்ணும் இல்ல. நாரிஸ், சைன்ஸ் கதையில தப்பு பண்ண அதே சீசன்தான் இதுவும், ரெண்டையும் சேர்த்துதான் மதிப்புப் போடணும்.

என் வாதமே இதுதான், நடந்ததே இவ்ளோ பெருசா இருக்கும்போது நடக்காததை ஒட்டவேண்டிய அவசியம் என்ன இருக்கு?

ஹாஸ் டீம் பாஸா இருந்த குந்தர் ஸ்டெய்னர் ஏன் இவ்ளோ பெரிய ஸ்டார் ஆனார்? அவர் டீம் ஜெயிக்கவே இல்லையே?

ஜெயிக்காததாலதான். 2018 மெல்போர்ன் ரேஸ் பாருங்க. ஹாஸ் டீம் 2016லதான் எஃப்1க்கு வந்துச்சு, சின்ன டீம், அன்னிக்கு அவங்க டிரைவர்கள் மேக்னஸன் நாலாவது, க்ரோஷான் அஞ்சாவது போயிட்டு இருக்காங்க. பிட் ஸ்டாப்ல ஒருத்தருக்கு வீல் நட் சரியா பொருந்தல, வெளிய. ரெண்டு லேப்ல அடுத்தவருக்கும் அதே கதி. நாலாவதுக்கு 12, அஞ்சாவதுக்கு 10, ஆக 22 பாயிண்ட் போச்சு. முந்தின வருஷம் முழுசும் சேர்த்தே அவங்க எடுத்தது 47 பாயிண்ட்தான், அப்ப அந்த ரெண்டு நட்டோட மதிப்பு என்னன்னு கணக்கு போட்டுக்கங்க. அந்த ஏமாற்றத்தை ஸ்டெய்னர் முகத்துல பாத்தப்ப, பாக்குறவங்க எல்லாம் ஹாஸ் ரசிகர் ஆயிட்டாங்க.

2019 சில்வர்ஸ்டோன்ல அவரோட ரெண்டு டிரைவரும் முதல் லேப்லயே ஒருத்தரை ஒருத்தர் இடிச்சுக்கிட்டு ரெண்டு காரும் வெளிய, அப்புறம் ஆபீஸ்ல நடந்த சத்தமும் மேக்னஸன் கிட்ட கதவு வாங்கின அடியும் எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. கெட்ட வார்த்தை பேசுறார்னு முகம் சுளிச்சவங்களும் உண்டு. ஆனா மத்த டீம் பாஸ் எல்லாம் பிரஸ் மீட் பாஷையில பேசும்போது இந்த ஆள் மனசுல இருக்குறதை அப்படியே கொட்டினார், அது பொய் இல்ல.

பழைய ரசிகர்கள் கேக்குற ஒரு கேள்வி நியாயமானது, பாப்புலாரிட்டி டீமை வேகமாக்குச்சா? ஆக்கல. 2023ல ஹாஸ் கடைசி இடம், 2024 ஜனவரியில ஸ்டெய்னர் வெளிய போயிட்டார்.

இதால எஃப்1க்கு ஆள் கூடுச்சுன்னு சொல்றது உண்மையா?

அமெரிக்காவுல நல்லாவே கூடுச்சு. 2018ல இஎஸ்பிஎன்ல ஒரு ரேஸுக்கு சராசரியா 5.5 லட்சம் பேர் பாத்தாங்க, 2021ல அது 9.5 லட்சத்துக்குக் கிட்ட, 2022ல 12 லட்சம். முன்னாடி ஆஸ்டின் மட்டும் இருந்த நாட்டுல 2022ல மியாமி, 2023ல லாஸ் வேகாஸ்னு மூணு ரேஸ் ஆச்சு. எல்லாப் பெருமையையும் இந்த சீரிஸுக்கே குடுக்க முடியாது, 2021 சாம்பியன்ஷிப் கடைசி லேப் வரைக்கும் போனதும் பெரிய காரணம், லாக்டவுன்ல எல்லாரும் வீட்ல உக்காந்திருந்ததும் ஒரு காரணம். ஆனா பங்கே இல்லன்னு சொல்றது பிடிவாதம்.

இதுக்கு இன்னொரு பக்கம் இருக்கு. 2018ல 21 ரேஸ் இருந்துச்சு, 2024ல 24. புது ஊர்கள் வர வர பழைய இடங்கள் போகுது. ஜெர்மன் கிராண்ட் பிரிக்ஸே காலண்டர்ல இல்ல, நான் மேல சொன்ன அந்த ஹாக்கன்ஹைம் ரேஸ்தான் அதோட கடைசி. பெல்ஜியத்துல இருக்குற ஸ்பா கூட 2028லயும் 2030லயும் கிடையாதுன்னு ஒப்பந்தம் போட்டாச்சு. குடும்பத்தோட வருஷா வருஷம் அங்க போய் கூடாரம் போட்டு மழையில நனைஞ்சு ரேஸ் பாத்த ஐரோப்பிய ரசிகனுக்கு, லாஸ் வேகாஸ் லைட்டைப் பாத்து எரிச்சல் வருதுன்னா அது பொறாமை இல்ல, அவன் இடம் பறிபோகுது. ஆனா அதைச் செய்யுறது காசு வாங்கி ஒப்பந்தம் போடுறவங்க, கேமரா பிடிக்கிறவங்க இல்ல. இந்தக் கோபத்தை சீரிஸ் மேல காட்டுறது முகவரி மாறிப் போற கடுதாசி.

நெட்ஃபிளிக்ஸ் பாத்து வந்த ரசிகர்னு கிண்டல் பண்றாங்களே, அது சரியா?

தப்பு, ரொம்பத் தப்பு. அதுலயும் பொண்ணுங்க யாராச்சும் எஃப்1 பிடிக்கும்னு சொன்னா உடனே 1998 சாம்பியன் யாரு, அண்டர்கட்னா என்னன்னு பரீட்சை வைக்கிறது அசிங்கம். எல்லாரும் ஏதோ ஒரு கதவு வழியாதான் உள்ள வந்தோம், ஒருத்தருக்கு ஷூமேக்கரோட சிவப்பு கார், ஒருத்தருக்கு வீடியோ கேம், ஒருத்தருக்கு அப்பா போட்ட சேனல். இவங்களுக்கு இந்த சீரிஸ். உள்ள வந்த பிறகு ராத்திரி முழிச்சு ஜப்பான்ல நடக்குற சுசூகா குவாலிஃபையிங் பாக்குறாங்களான்னு பாருங்க, நிறைய பேர் பாக்குறாங்க, டயர் டிகிரடேஷன் (டயர் தேயுறது) பத்தி நம்மளை விட நல்லா பேசுறவங்களும் அதுல இருக்காங்க.

2021 அபுதாபியை நியாயமா காட்டினாங்களா?

டிசம்பர் 12 நடந்த அந்தக் கடைசி லேப்பைப் பத்தி ரெண்டு தரப்பும் ஒத்துக்குற மாதிரி யாராலயும் காட்ட முடியாது. விபத்தால சேஃப்டி கார் பின்னாடி எல்லாரும் மெதுவா போயிட்டு இருந்தப்ப, ரேஸ் டைரக்டர் மைக்கேல் மாஸி ஹாமில்டனுக்கும் வெர்ஸ்டாப்பனுக்கும் நடுவுல இருந்த அஞ்சு காரை மட்டும் முன்னாடி விட்டு ஒரே ஒரு லேப் ரேஸ் வச்சது, வெர்ஸ்டாப்பன் புது சாஃப்ட் டயர்ல ஹாமில்டனைத் தாண்டினது, ரேடியோவுல ரெண்டு டீம் பாஸும் மாஸிகிட்ட கத்தினது, எல்லாம் இருக்கு. என் குறை என்னன்னா விதி என்ன சொல்லுதுன்னு பொறுமையா விளக்கியிருக்கலாம். அவ்ளோ பெரிய குழப்பத்தை அப்போதைய ரெட்புல் பாஸ் ஹார்னர், மெர்சிடீஸ் பாஸ் வோல்ஃப் ரெண்டு பேரோட சண்டையா சுருக்கிட்டாங்க.

எஃப்1 நிர்வாகமே கூட சேர்ந்து எடுக்குற படம், அப்ப உண்மையான பிரச்சனையைத் தொடுவாங்களா?

ஓரளவுக்குத்தான் தொடுவாங்க. அனுமதி குடுக்குறவங்க கையில லகான் இருக்கும், இது எந்த கிளப், எந்த டீம் டாக்குமெண்டரிக்கும் பொருந்தும். பிடிக்கலன்னா அடுத்த வருஷம் கதவைச் சாத்திடுவாங்கன்னு எடுக்குறவங்களுக்கும் தெரியும். அதனால காசு, இன்ஜின் சர்ச்சை, விதிமுறை அரசியல் இதெல்லாம் மேலோட்டமா போகும், ஆளுங்களுக்குள்ள இருக்குற மனஸ்தாபம் ஆழமா வரும். இதைத் தெரிஞ்சுகிட்டு பாத்தா ஏமாற்றம் இருக்காது.

நம்ம ஊர்ல இதுக்கு முன்னாடி எஃப்1 பாத்தவங்க இருந்தாங்களா?

என்ன கேள்வி இது, சோழவரம் ரேஸுக்குப் போன தலைமுறை இன்னும் இருக்கு. இருங்காட்டுக்கோட்டையில டிராக் இருக்கு. இந்தியாவுல இருந்து எஃப்1 ஓட்டின ரெண்டே பேர் நரேன் கார்த்திகேயனும் கருண் சந்தோக்கும், ஒருத்தர் கோயம்புத்தூர், இன்னொருத்தர் சென்னை. 2005ல நரேன் ஜோர்டன் கார்ல உக்காந்ததைப் பாத்து வந்த ரசிகர்கள் நம்மகிட்ட நிறைய. அவங்க இந்த சீரிஸைத் திட்டும்போது கொஞ்சம் காது குடுத்துக் கேளுங்க, நல்ல கதை நிறைய கிடைக்கும்.

இதே ஃபார்முலா மத்த விளையாட்டுக்கு வேலை செஞ்சுச்சா?

டென்னிஸுக்கு, கோல்ஃபுக்கு, டூர் டி ஃபிரான்ஸ் சைக்கிள் ரேஸுக்கு எல்லாம் அதே கம்பெனி எடுத்தாங்க. டென்னிஸ் சீரிஸ் ரெண்டு சீசனோட நின்னு போச்சு. கேமரா வச்சா மட்டும் ஆள் வர மாட்டாங்கங்கறதுக்கு அது போதும்.

புதுசா பாக்கணும், எங்க ஆரம்பிக்கிறது? இது மட்டும் பாத்தா போதுமா?

முதல் சீசன்லயே ஆரம்பிங்க, ஹாஸ் கதைக்காகவும் ரிக்கார்டோவுக்காகவும். ரெண்டாவது சீசன்ல ஹாக்கன்ஹைம் எபிசோடும், டிரைவர் பியர் காஸ்லியை ரெட்புல்ல இருந்து நடு சீசன்ல இறக்கின கதையும் விடாதீங்க. மூணாவதுல க்ரோஷான் விபத்தும், அதே காஸ்லி 2020ல இத்தாலியில மான்ஸாவுல ஜெயிக்கிறதும் கட்டாயம் பாருங்க, அந்த நாரிஸ் சைன்ஸ் எபிசோடைத் தாண்டிப் போனாலும் ஒண்ணும் குறையாது. அதுக்கு மேல பிடிச்சிருந்தா வரிசையா போங்க.

இது மட்டும் போதாது. ஒரு எபிசோட் பாத்ததும் அந்த ரேஸோட ஹைலைட்ஸை எஃப்1 யூடியூப் சேனல்ல தேடிப் பாருங்க, ஏழெட்டு நிமிஷம்தான் இருக்கும், எதை வெட்டினாங்க எதைச் சேர்த்தாங்கன்னு உங்களுக்கே புரியும். அப்புறம் ஒரு முழு ரேஸ். இந்தியாவுல ஸ்டார் ஸ்போர்ட்ஸ் விட்டதுக்கு அப்புறம் 2023ல எஃப்1 டிவி மட்டும் இருந்துச்சு, 2024ல ஃபேன்கோட் ஆப் வந்துச்சு, ஒரு ரேஸ் வீக்கெண்டுக்கு மட்டும் பாஸ் வாங்கிப் பாக்கலாம். முதல் தடவை மொனாக்கோ வேணாம், அங்க ஓவர்டேக் ரொம்ப அபூர்வம். இங்கிலாந்தோட சில்வர்ஸ்டோன் இல்லன்னா பிரேசிலோட இன்டர்லாகோஸ், மழை வர்ற மாதிரி இருந்தா இன்னும் நல்லது.